கடல் தாண்டிப் படிக்க அனுப்பு முன்

(எமது தோட்டங்களின் குடும்பங்கள் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலுக்கு யாத்திரை போயிருந்தபோது, மடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேமநல உத்தியோகத்தர் பேசியது. கேட்டவர்கள் விரும்பியபடி இங்கே தருகிறோம்.)



சாமி கும்பிட வந்த இடத்திலும் வெல்பேர் ஐயா மீட்டிங் வைக்கிறாரே என்று சிலர் முணுமுணுக்கிறது காதில் விழுகிறது. பிரட்டுக்களத்தில் பேசினால் பாதிப் பேச்சில் மழை வந்துவிடும். லயத்தில் பேசினால் ஒருத்தருக்கு அடுப்பில் உலை கொதிக்கும், இன்னொருத்தர் மாட்டைப் பிடிக்க ஓடுவார். இங்கே நாலு பக்கமும் கடல். காலையில் படகு வரும்வரை யாரும் எங்கேயும் ஓட முடியாது. அதனால்தான் இந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டோம்.

இன்று காலை யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாக பஸ்ஸில் வந்தோம். ரோட்டின் இரண்டு பக்கமும் நீங்கள் பார்த்தீர்கள். பெரிய கல்வீடு, இரும்புக் கேட், கேட்டில் பூட்டு, உள்ளே இடுப்பளவு புல். சில வீட்டுக்குக் கூரையே இல்லை. பின் சீட்டில் இருந்த தம்பி ஒருவர் சொன்னார்: "இவங்க எல்லாரும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயி அங்கேயே இருந்துட்டாங்க. நம்மளும் அப்படிப் போனா என்ன?" அவர் சொல்லி வாய் மூடவில்லை, கீழ் டிவிசன் பிள்ளையொன்று பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துக் காட்டியது. உயர்தரம் பாஸ் பண்ணிய பிள்ளை. நோட்டீஸில் அச்சடித்திருந்தது: ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை, வங்கியில் பணம் தேவையில்லை, 30 நாளில் மாணவர் வீசா.

குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும்போது அந்தப் பிள்ளையின் தாயார் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். "ஐயா, இந்த வருஷம் எனக்கு ஈ.பீ.எப். காசு வருது. அதைக் கட்டிடலாமுங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறோம். படகுத்துறையில் நின்றுகொண்டு ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

முதலில் அந்தப் பூட்டிய வீடுகள். அவை எல்லாம் மாணவர் வீசாவில் போனவர்களின் வீடுகள் என்று நினைத்துவிடாதீர்கள். 1990, 91ஆம் ஆண்டுகளில் இந்தத் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்கு வந்தபோது சனங்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தார்கள். பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று அகதியாகப் போய்ச் சேர்ந்தவர்கள்தான் அதிகம். உயிர் தப்ப ஓடினவர்களின் வீட்டைப் பார்த்து, படிப்பால் வந்த அதிர்ஷ்டம் என்று நாம் கணக்குப் போட்டால் கணக்குத் தப்பிவிடும்.

படிக்கப் போனவர்களும் இருந்தார்கள். வேலணைத் தீவின் அந்தக் கோடியில் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பொன் என்று ஒரு ஊர். தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்தது அங்கே. 1934இல் ரோமாபுரிக்குப் படிக்கப் போனார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழ் படித்தார். பிறகு 1950களில் லண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர் அவர்தான். இதைப் படகில் நாங்கள் சொல்லிக்கொண்டு வந்தபோது ஒரு சின்னப் பிள்ளை கேட்டது, "அவருக்கு யாரு வீசா குடுத்தா?" என்று.

நல்ல கேள்வி. அவர் அண்ணாமலைக்குப் போன 1945இல் இலங்கையும் இந்தியாவும் ஒரே வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தன. லண்டனுக்குப் போன காலத்தில் இலங்கைக்காரர் பொதுநலவாய நாட்டுப் பிரசைகள் என்ற முறையில் பிரித்தானியாவுக்குள் போகலாம். 1962இல் சட்டம் கொண்டுவந்து அந்த உரிமையைக் குறைத்தார்கள். 1970களில் நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் லண்டனுக்குப் படிக்கப் போனார்கள். 1980இலிருந்து வெளிநாட்டு மாணவரிடம் முழுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 1985இல் இலங்கையருக்கு வீசா கட்டாயம் என்று ஆனது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு பிரித்தானியா அப்படி விதித்தது அதுதான் முதல் தடவை. அதே வருஷம் மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு, நாம் இன்றைக்குப் படகு ஏறிய அதே துறைக்கு, வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பிரயாணிகளை வெட்டிக் கொன்றார்கள். நெடுந்தீவுச் சனங்கள் இன்றைக்கும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். இந்தப் பக்கம் ஓட வேண்டிய தேவை கூடக் கூட, அந்தப் பக்கம் கதவு இறுகிக்கொண்டே வந்தது.

நம்ம பாட்டன் பூட்டன் கதை வேறு. அவர்களும் கடல் தாண்டித்தான் வந்தார்கள். வீசா கேட்கவில்லை, ஆள் தேவைப்பட்டதால் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு கடதாசி இருந்தது. வயதானவர்களுக்குக் கேள்வி ஞானம் இருக்கும், "துண்டு" என்று சொல்வார்கள். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு. அந்தக் கடனைக் கட்டி எடுத்துக்கொள்ள இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் ஆள் இடம் மாறலாம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இப்போது ஏன் துண்டுக் கதை என்று கேட்பீர்கள். அந்த நோட்டீஸைப் பார்த்ததும் எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது, வேறொன்றுமில்லை.

சரி, மாணவர் வீசா என்றால் என்ன? ஒரு நாட்டு அரசாங்கம் ஒரு பிள்ளையைப் பார்த்து, "நீ இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பைப் படிக்க, இத்தனை காலம் இங்கே இருக்கலாம்" என்று கொடுக்கிற அனுமதி. கல்லூரியை விட்டாலோ படிப்பை விட்டாலோ அனுமதியும் ஆடிப்போகும். அதைக் கொடுக்கிற அதிகாரம் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு மட்டும்தான். எந்த ஏஜெண்டுக்கும் கிடையாது. கொழும்பில் விண்ணப்பத்தையும் கைரேகையையும் வாங்குகிற நிலையம்கூட வாங்கி அனுப்புவதோடு சரி. "எனக்கு எம்பசியில ஆள் இருக்கு" என்று ஒருவன் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். டீ கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

அந்த அனுமதிக்கு முதல் வேண்டியது கல்லூரியின் கடிதம். பிரித்தானியாவுக்கு என்றால், அரசாங்கத்தின் லைசென்ஸ் பெற்ற கல்லூரிதான் பிள்ளையின் பெயரில் ஒரு உறுதிப்படுத்தல் எண் கொடுக்க முடியும். லைசென்ஸ் உள்ள கல்லூரிகளின் பட்டியலை அந்த அரசாங்கமே எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிட்டிருக்கிறது. கனடாவுக்கு என்றால், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரியின் அனுமதிக் கடிதம் வேண்டும். அந்தப் பட்டியலும் பகிரங்கமானது. போனில் பார்க்கலாம். சினிமாப் பாட்டுப் பார்க்கிற அதே போனில்தான்.

கடிதம் விஷயத்தில் நடந்த ஒரு பெரிய அநியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பஞ்சாப் மாநிலத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கனடாவுக்குப் படிக்கப் போனார்கள். ஜலந்தர் நகரத்து ஏஜெண்டு ஒருவர் கல்லூரிக் கடிதம் எடுத்துக் கொடுத்தார். வீசாவும் கிடைத்தது. போய் இறங்கிய பிறகு, "அந்தக் கல்லூரியில் இடம் முடிந்துவிட்டது, வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்" என்று சொன்னார். பிள்ளைகளும் சேர்ந்தார்கள், படித்தார்கள், சிலர் வேலையும் செய்தார்கள். வருஷங்கள் கழித்து நிரந்தரமாக இருக்க விண்ணப்பம் போட்டபோதுதான் தெரிந்தது, முதல் கடிதமே பொய் என்று. 2023இல் நாடு கடத்தும் கட்டளை வந்து பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். உண்மையாகப் படிக்க வந்தவர்களை ஆராய்ந்து பார்ப்போம் என்று கனடா அமைச்சர் அந்த வருஷம் ஜூனில் சொன்னார். ஏஜெண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு 2024இல் மூன்று வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். அதற்கிடையில் பிள்ளைகள் தின்ற கஷ்டத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அதற்குப் பிறகு, 2023 டிசம்பர் 1 முதல், கனடா அரசாங்கம் ஒவ்வொரு கடிதத்தையும் அந்தக் கல்லூரியிடமே நேரே கேட்டு உறுதி செய்கிறது.

அரசாங்கம் கேட்கிறதை நாம் ஏன் முதலில் கேட்கக் கூடாது? இங்கே தீவுப்பகுதிக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு வசதி இருக்கிறது. லண்டனிலோ டொரொண்டோவிலோ மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். "இந்தக் கல்லூரி உண்மையா, போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். நமக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. நமக்கு இருக்கிற ஆள் ஏஜெண்டு மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. அங்கேதான் நாம் விழுகிறோம்.

மத்தியானம் படகுத்துறையில் பனங்கிழங்கு விற்ற ஆச்சியோடு நாங்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய பேரன் மாணவர் வீசாவில் லண்டனுக்குப் போனவராம். "ஓம் தம்பி, கடிதம் வந்தது. நான் உடனே காசு கட்டயில்லை. எங்கட பள்ளிக்கூட வாத்தியாரிட்டக் காட்டினனான். அவர் அந்தக் கல்லூரிக்குத் தானே எழுதிக் கேட்டவர். மறுமொழி வர பத்து நாள் ஆனது. பிறகுதான் காசு" என்றார். கடன் அடைந்துவிட்டதா என்று கேட்டோம். "எங்க தம்பி? வேலணைக் காணி இன்னும் ஈட்டிலதான் கிடக்கு" என்று சிரித்தார். எல்லாம் சரியாகச் செய்த குடும்பத்தின் நிலைமையே இது.

அந்த வாத்தியார் செய்த வேலையை நாங்கள் உங்களுக்குச் செய்து தருகிறோம். கல்லூரியின் முகவரியை ஏஜெண்டு கொடுத்த கடிதத்திலிருந்து எடுக்கக் கூடாது. பொய்க் கடிதத்தில் முகவரியும் போனும் பொய்யாகத்தான் இருக்கும். கல்லூரியின் சொந்த இணையத்தளத்தில் பார்த்து, அங்கே எழுத வேண்டும். நாலு வரி போதும். இங்கிலீஷ் பிழையாக இருந்தாலும் பதில் வரும். எங்களுடைய இங்கிலீஷுக்கே வருகிறது.

இனிக் காசு விஷயம். இதில்தான் நாங்கள் எங்கள் மானத்தையும் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரித்தானியாவில் படிக்க, முதல் வருஷக் கல்விக் கட்டணத்தில் கட்டாத மிச்சத்தையும், அதற்கு மேல் 9 மாதச் சாப்பாடு தங்குமிடச் செலவையும் கையில் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து இந்தத் தொகை லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். வெளியே என்றே வைப்போம், 9 மாதத்துக்கு 10,539 பவுண். ஒரு பவுண் 400 ரூபாய் என்று போட்டால் 42 இலட்சத்துக்கு மேல். கட்டணம் தனி. வைத்தியச் சேவைக்கென்று வருஷத்துக்கு 776 பவுண் முன்கூட்டியே கட்ட வேண்டும், அதுவும் தனி. கனடாவில் 2023 வரை 10,000 டொலர் காட்டினால் போதும். 2024 ஜனவரியில் 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரிலிருந்து 22,895. டொலர் 215 ரூபாய் என்று போட்டால் 49 இலட்சம், கட்டணமும் விமானச் செலவும் சேராமல். ஜெர்மனியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணமே இல்லை என்கிறார்கள், உண்மைதான். ஆனால் 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோவை அங்கே முடக்கக் கணக்கில் போட்டு, மாதாமாதம் எடுத்துச் செலவு செய்ய வேண்டும்.

தொகை மட்டும் இருந்தால் போதாது. அந்தக் காசுக்கு வயசு இருக்க வேண்டும். பிரித்தானிய விதிப்படி அது தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. கணக்கும் பிள்ளையின் பெயரிலோ, தாய் தகப்பன் பெயரிலோ, சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். கொழும்பிலே கடை வைத்திருக்கிற மாமாவின் கணக்கைக் காட்டினால் செல்லாது. மாமா உண்மையாகவே உதவுகிறவர் என்றால், காசை உங்கள் கணக்குக்கு மாற்றி, 28 நாள் பொறுத்து, அதன் பிறகு விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறோம். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு தோட்டத்தில் ஒரு தாய். புருஷன் இல்லை. மகன் உயர்தரத்தில் நன்றாகச் செய்தவன். ஒரு டவுனில் மாடியில் ஆபீஸ் போட்டிருந்த ஏஜெண்டிடம் ஈ.பீ.எப். காசையும் இரண்டு பவுண் சங்கிலியையும் கொடுத்தார்கள். வங்கிக் காசுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். பிறகு தாயும் மகனும் எங்களிடம் வந்தார்கள். குடும்பத்துக்குக் காணியும் காய்கறித் தோட்டமும் உண்டு, மாதம் இவ்வளவு வருமானம் என்று ஒரு கடிதம் வேண்டும், வெல்பேர் ஐயா கையெழுத்து வைத்தால் போதும் என்று ஏஜெண்டு சொன்னானாம். லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் நாலு பாத்தி லீக்ஸ் இருந்தது. காணி எங்கே இருந்தது? எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளை நல்லாயிருக்கட்டும் என்று கையெழுத்தும் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தோம்.

வங்கிக் கடிதம் பொய் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வங்கியிடமே கேட்டிருக்கிறார்கள். எங்கள் கடிதத்தையும் நம்பவில்லை. வீசா மறுப்போடு அந்தக் கதை முடியவில்லை. பொய்ப் பத்திரம் கொடுத்த காரணத்தால் அந்தப் பிள்ளை பத்து வருஷத்துக்கு பிரித்தானியாவுக்கு விண்ணப்பிக்க முடியாமல் போனது. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸில் நாங்கள்தான் அந்தத் தாய்க்கு வாசித்துச் சொன்னோம். பத்து வருஷம் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தோம், தப்பாக வாசித்துவிட்டோமோ என்று. ஏஜெண்டின் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அந்தப் பையன் இப்போது ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறான். தாயாரைக் கண்டால், "நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க ஐயா" என்கிறார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்தப் பத்து வருஷம் பிரித்தானியாவின் விதி. கனடாவில் பொய் சொன்னால் ஐந்து வருஷம். அவுஸ்திரேலியாவில் பொய்ப் பத்திரத்துக்கு மூன்று வருஷம், ஆளையே மாற்றிக் காட்டினால் பத்து வருஷம். பொய்யை ஏஜெண்டு செய்தான், எனக்குத் தெரியாது என்றால் எடுபடாது. விண்ணப்பத்தின் அடியில் இருக்கிறது பிள்ளையின் கையெழுத்து. அதனால் வெற்றுத் தாளில் பிள்ளையைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். அனுப்புகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போட்டை ஏஜெண்டின் லாச்சியில் வைக்காதீர்கள். எங்களிடமும் இல்லாத காணிக்குக் கடிதம் கேட்டு வராதீர்கள், இனி தரமாட்டோம்.

பிறப்புச் சான்றிதழ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம தோட்டங்களில் வீசாவுக்கு முன்னாலேயே கால் இடறுகிற இடம் இதுதான். தாய் தகப்பன் கணக்கில் காசு காட்டினால், இவர்தான் தாய் என்று காட்ட வேண்டாமா? அதற்குப் பிறப்புச் சான்றிதழ்தான் கேட்பார்கள். நம் வீடுகளில் அது எப்படி இருக்கிறது? பிள்ளைக்குச் சான்றிதழில் ராஜேஸ்வரி, பள்ளிக்கூட இடாப்பில் ராஜி. தாய்க்கு அடையாள அட்டையில் செல்லம்மாள், மகளின் சான்றிதழில் செல்லாயி, செக்ரோலில் இன்னொரு பெயர். பதிந்த ஆள் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பெரியவர்கள் சிலருக்குப் பதிவே இல்லை, உத்தேச வயதுச் சான்றிதழ்தான். நம் சனங்களின் பிரஜாவுரிமையை 1948இல் சட்டம் போட்டுப் பறித்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் இழுத்தடித்த நாட்டில், கடதாசியைப் பத்திரமாக வைக்கிற பழக்கம் நமக்கு எப்படி வரும்? கடதாசி இருந்தும் நமக்கு என்ன நடந்தது என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் பெயர்த் திருத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகும். வீசா விண்ணப்பம் அவ்வளவு நாள் காத்திருக்காது. வெளிநாடு போகாவிட்டாலும் இந்தத் திருத்தம் தேவை. ஈ.பீ.எப். எடுக்கும்போது இதே பெயர்ச் சிக்கலில் எத்தனை பேர் அலைந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னும் சில சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர் இங்கேயே காசநோய்ப் பரிசோதனை செய்து சான்றிதழ் வைக்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சை இல்லாமல் போகலாம் என்பது நம்ம நாட்டுப் பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் பொருந்தும். வகுப்பு நடக்கிறபோது பாடமே இங்கிலீஷில் என்றால், பரீட்சையைத் தப்பிப் போய் என்ன செய்வது?

"அங்கே வேலை செய்து கடனை அடைச்சிடலாம்" என்பது அடுத்த பேச்சு. பட்டப் படிப்பு மாணவர் பிரித்தானியாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். கனடாவில் 2024 நவம்பர் முதல் 24. அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. அதற்கு மேல் ஒளித்துச் செய்து பிடிபட்டால் வீசா போகும். ஒளித்து வேலை கொடுக்கிறவன் சம்பளத்தைக் குறைத்தாலும் யாரிடம் போய் முறையிடுவது? குடும்பத்தோடு போகலாம் என்று ஒரு புரளி இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து பிரித்தானியாவில் ஆராய்ச்சிப் படிப்புக்காரர் போன்ற சிலரைத் தவிர மற்ற மாணவர் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. படித்து முடித்து வேலை தேட அங்கே இரண்டு வருஷம் தந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான் என்று விதி வந்திருக்கிறது. கனடாவில் 2024 நவம்பருக்குப் பிறகு எல்லா டிப்ளோமாவுக்கும் பின்னால் வேலை அனுமதி வருவதில்லை, எந்தத் துறை என்று பார்க்கிறார்கள். விதிகள் வருஷாவருஷம் மாறுகின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் 2019இல் போன வழி இப்போது அப்படியே இருக்கும் என்று நினைத்துக் காசைக் கட்டக் கூடாது.

பிள்ளைகளின் முகம் வாடுகிறது. வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன் இல்லாமல் கடல் தாண்டுகிற வழியும் ஒன்றிரண்டு உண்டு. இந்திய அரசாங்கம் இலங்கைப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. நேரு பெயரில் ஒன்று, மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று, கணினிப் படிப்புக்கு ராஜீவ் காந்தி பெயரில் ஒன்று. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் பத்திரிகையில் அறிவித்தல் போடும். கண்டியிலும் அவர்களுக்கு உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. தோட்டப் பிள்ளைகளுக்கென்றே இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் என்று ஒன்று 1940களிலிருந்து இருக்கிறது. உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் இங்கேயே படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் உதவி கிடைக்கும். வருஷாவருஷம் விண்ணப்பம் கேட்கிறார்கள், நம்ம பக்கத்திலிருந்து போடுகிறவர்கள் போதாது. இந்தியாவிலும் மாணவர் வீசாவுக்கு விதி உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட வீசா என்றால் போய் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பகுதி நேர வேலை செய்து சம்பாதிக்கலாம் என்று நினைத்துப் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், நம் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வீசா வேண்டாம், கட்டணமும் வேண்டாம். இசட் புள்ளி போதுமா என்று பார்க்காமலே ஏஜெண்டிடம் ஓடுகிற பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நம்ம வாசலிலேயே இருக்கிறது. இங்கே ஒரு பட்டம் எடுத்துவிட்டு, மேற்படிப்புக்கு வெளியே போகிற பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வாசலும் கூடுதலாகத் திறக்கும். தனிநாயகம் அடிகளாரும் லண்டனுக்குப் போகும்போது கையில் அண்ணாமலைப் பட்டத்தோடுதான் போனார்.

இப்போது அந்த அம்மாவுக்குப் பதில். அம்மா, இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஈ.பீ.எப். காசு வந்தால் உங்கள் பெயரிலேயே வங்கியில் போடுங்கள். நோட்டீஸை எங்களிடம் கொடுங்கள். அதில் மூன்று கல்லூரிப் பெயர் இருக்கிறது. ஊர் திரும்பியதும் நாங்களும் பிள்ளையும் உட்கார்ந்து, அந்த மூன்று பெயரும் அரசாங்கப் பட்டியலில் உண்டா என்று பார்ப்போம். இருந்தால் பிள்ளை தன் கையாலேயே கல்லூரிக்கு எழுதட்டும். பதில் வந்த பிறகு கட்டணம் எவ்வளவு, காட்ட வேண்டிய காசு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி உங்கள் முன்னால் வைப்போம். அந்தத் தாளைப் பார்த்து நீங்கள் முடிவெடுங்கள். இந்த வருஷப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அதற்கிடையில் போட்டுவிட வேண்டும், அந்தத் திகதி யாருக்காகவும் நிற்காது.

மற்றவர்கள் வருகிற புதன்கிழமை பின்னேரம் ஆபீஸுக்கு வரும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் சேர்த்து எடுத்து வாங்க. பெயர் ஒத்துப் போகிறதா என்று பார்த்துத் தருகிறோம். சான்றிதழைத் தகரப் பெட்டியில் எலி கடித்திருந்தாலும் எடுத்து வாங்க, நம்பர் தெரிந்தால் பிரதி எடுக்கலாம்.

காலையில் முதல் படகு. கைக்குழந்தைக்காரர் உள்பக்கம் உட்கார வேண்டும், கடல் கொஞ்சம் ஆட்டும். இப்போது போய்த் தூங்குங்க.